மந்திர வாளை அரிதாக்கினால் யாருக்கு நஷ்டம்?

புதிதாக ஓர் ஆட்டம் தொடங்கும்போது டிஎம் சொல்கிற முதல் சில வாக்கியங்களில் ஒன்று பெரும்பாலும் இதுவாக இருக்கும்: "என் உலகத்துல மேஜிக் ஐட்டம்லாம் ரொம்ப ரேர்." கொஞ்சம் பெருமையோடுதான் சொல்வார்கள். சுற்றி இருப்பவர்களும், ஏதோ உயர்ந்த ரசனையைக் கேட்டதுபோலத் தலையாட்டுவார்கள். எனக்கோ அந்த நேரத்தில் ஃபைட்டர் ஆடப்போகிறவரின் முகத்தைப் பார்க்கத் தோன்றும். தண்டம் அழப்போகிறவர் அவர்தான் என்பது அவருக்கு இன்னும் தெரியாது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடாதவர்களுக்காக இரண்டு வரி. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, பேசிப்பேசியே ஒரு சாகசக் கதையை ஆடுவதுதான் இந்த விளையாட்டு. உலகத்தையும் எதிரிகளையும் நடத்துபவர் டிஎம். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கதாபாத்திரம். ஃபைட்டர் என்றால் வாள், கவசம், உடல்பலம். விசார்டு என்றால் மந்திரம் படித்தவர். அடி விழுந்ததா என்று பார்க்க இருபது முகப் பகடையை உருட்டி, வந்த எண்ணோடு தன் திறமைக்கான எண்ணைக் கூட்ட வேண்டும். '+1 வாள்' வைத்திருந்தால் அந்தக் கூட்டலில் ஒன்று அதிகம், விழும் அடியிலும் ஒன்று அதிகம். இவ்வளவு போதும்.

மந்திரப் பொருள்களைக் குறைத்தால் உலகத்தில் மந்திரம் குறையும் என்று பலர் நம்புகிறார்கள். குறையாது. விசார்டின் மந்திரம் அவர் தலைக்குள் இருக்கிறது. அதை எந்த டிஎம்மும் கஜானாவில் பூட்டி வைக்க முடியாது. ஆடி ஆடித் தேறி ஐந்தாம் லெவல் வந்ததும் ஒரு கூடம் நிறைய எதிரிகளைத் தீயுருண்டையால் பொசுக்குவார். வேண்டுமானால் பறப்பார். அதே ஐந்தாம் லெவலில் ஃபைட்டருக்குக் கிடைப்பது, ஒரு முறைக்கு இரண்டு முறை வாள் வீசும் வாய்ப்பு. அவர் பறக்க வேண்டுமென்றால் இறக்கை முளைத்த காலணியையோ பறக்கும் துடைப்பத்தையோ யாராவது அவர் கையில் கொடுக்க வேண்டும். 'பொருள் அரிது' என்ற விதி எல்லோருக்கும் பொதுவாக எழுதப்பட்டதுபோலத் தெரியும். அது பிடுங்குவது ஒருவரிடமிருந்துதான்.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. ஆட்டம் பிறந்த 1974-லேயே இது எழுதப்பட்டுவிட்டது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட அந்த மூன்று சிறு புத்தகங்களில் ஃபைட்டரைப் பற்றிய பகுதி மிகச் சின்னது. எல்லா மந்திர ஆயுதங்களையும் அவரால் பயன்படுத்த முடியும், அதுவே ஒரு பெரிய அனுகூலம் என்கிற பொருளில் ஒரு வரி அதில் வருகிறது. இன்று வாசித்தால் ஒப்புக்குச் சொன்னதுபோல இருக்கும். அடுத்த புத்தகத்தில் இருக்கும் புதையல் அட்டவணையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பகடை உருட்டினால் கிடைக்கும் மந்திரப் பொருள்களில் ஐந்தில் ஒன்று வாள். விசார்டு குத்துவாளுக்கு மேல் எதையும் தொடக் கூடாது. பூசாரிக்குக் கூர்முனை ஆயுதமே ஆகாது. ஆக, அந்த வாள்கள் அத்தனையும் எழுதாமலே ஃபைட்டர் பெயருக்குப் பட்டா போட்டவை. அதிலும் சில வாள்களுக்குப் புத்தியும் சொந்தச் சக்திகளும் உண்டு. புதைந்திருக்கும் பொன்னைக் காட்டும், கண்ணுக்குத் தெரியாத எதிரியை உணரும். விசார்டுக்கு மந்திரப் புத்தகம் எப்படியோ, ஃபைட்டருக்குப் புதையல் அட்டவணை அப்படி. அவருடைய திறமைப் பட்டியலில் பாதி, குகைக்குள் கிடந்தது.

பிற்பாடு வந்த டிஎம்கள் அந்த அட்டவணையைத் 'தாராளம்' என்று சொல்லித் தள்ளிவைத்தபோது, அதில் ஒளிந்திருந்த பாதி ஃபைட்டரையும் சேர்த்துத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

அந்தக் காலத்திலும் அளவு பற்றிய சண்டை இருந்தது. அள்ளி அள்ளிக் கொடுக்கும் டிஎம்களின் ஆட்டத்துக்கு 'மான்ட்டி ஹால்' ஆட்டம் என்று பெயர் வைத்துக் கேலி செய்தார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் கதவைத் திறந்து பரிசு கொடுக்கும் நிகழ்ச்சியை நடத்தியவர் பெயர் அது. ஆனால் எழுபதுகளின் கணக்கில் நாம் பார்க்கத் தவறுவது செலவுப் பக்கத்தை. 1979-இல் வந்த டிஎம் கையேட்டில் பொருள்கள் தப்பிப் பிழைக்கிறதா என்று பார்க்கவே தனி அட்டவணை உண்டு. தீயுருண்டை வெடித்து ஆள் தப்பாமல் மாட்டிக்கொண்டால், அவர் பையில் இருக்கும் மந்திரம் எழுதிய சுருள் எரிந்ததா, மருந்துப் புட்டி வெடித்ததா என்று ஒவ்வொன்றுக்கும் பகடை உருட்ட வேண்டும். இரும்பைத் தொட்டாலே துருவாக்கித் தின்னும் ஒரு பிராணி வேறு இருந்தது. (ஹாங்காங்கில் தயாரான மலிவு பிளாஸ்டிக் பொம்மை ஒன்றைப் பார்த்துத்தான் கைகாக்ஸ் அதை உருவாக்கினார். எத்தனையோ வீரர்கள் தங்கள் குலதனமான கவசத்தை அந்தப் பொம்மையிடம் இழந்திருக்கிறார்கள்.) பாலடின் என்ற புனித வீரருக்கு மொத்தமே பத்து மந்திரப் பொருள்தான் அனுமதி: ஒரு கவசம், ஒரு கேடயம், நான்கு ஆயுதம், மற்றவை நான்கு. பத்து என்பதே கட்டுப்பாடு என்றால் மற்றவர்கள் எவ்வளவு சுமந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளலாம். வரவு அதிகம், அழிவும் அதிகம். ஓடுகிற தண்ணீரைக் குடம் குடமாக எண்ணுவதில் பயனில்லை.

இன்றைய டேபிள்களில் ஓட்டம் ஒரு பக்கம்தான். யாருடைய பொருளையாவது உடைத்துப் பாருங்கள், வாட்ஸப் குழுவில் ஒரு வாரம் பேச்சு இருக்காது. வந்தது போகாது என்று ஆனபிறகு, கொடுக்கும் கை நடுங்கத்தான் செய்யும். 'ரேர்' என்ற விதியின் பிறப்பிடம் இந்தப் பயம் என்பது என் கணிப்பு.

ஆனால் பெரிய மாற்றம் 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் நடந்தது. மந்திரப் பொருளுக்கு விலைச்சீட்டு ஒட்டினார்கள். பழைய கையேட்டிலும் விற்றால் எவ்வளவு கிடைக்கும் என்ற எண் உண்டு. வாங்குவது பற்றிப் பெரிதாகப் பேச்சில்லை. மூன்றாம் பதிப்பில் எல்லாம் சூத்திரம். ஆயுதத்தின் பிளஸ் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, அதை 2,000-ஆல் பெருக்கினால் பொற்காசில் விலை. +1 என்றால் 2,000, +5 என்றால் 50,000. எந்த லெவலில் ஒரு கதாபாத்திரத்திடம் எவ்வளவு சொத்து இருக்க வேண்டும் என்பதற்கும் அட்டவணை: ஐந்தாம் லெவலில் 9,000, பத்தில் 49,000, இருபதில் 7,60,000. அரக்கர்களின் பலமும் அந்தச் சொத்தைக் கணக்கில் வைத்தே கட்டப்பட்டது. சொத்து குறைந்தால் தோற்பீர்கள்.

அதே கையேட்டில் ஊர்களுக்கும் அட்டவணை இருந்தது, எனக்கு மிகப் பிடித்த அபத்தம் அங்கேதான். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு விலை உச்சவரம்பு; அதற்குக் கீழே விலையுள்ள எதுவும் அந்த ஊரில் கிடைக்க வாய்ப்பு அதிகம். இரண்டாயிரத்துக்கு மேல் ஐயாயிரம் பேர்வரை வாழும் ஊருக்கு வரம்பு 3,000 பொற்காசு. சாதாரண நீள்வாளின் விலையும் நேர்த்தியான வேலைப்பாட்டுக்கான கூடுதல் விலையும் சேர்த்து ஒரு +1 நீள்வாள் 2,315. ஆக, நம் ஊர் வாரச்சந்தை அளவுள்ள இடத்தில் மந்திர வாள் கிடைக்கும். அதே புத்தகங்களின்படி ஒரு கூலியாளின் நாள் சம்பளம் ஒரு வெள்ளிக்காசு. பத்து வெள்ளி ஒரு பொன். அவர் சாப்பிடாமல், ஒரு நாளும் ஓய்வெடுக்காமல் உழைத்தால் 63 வருடத்தில் அந்த வாளை வாங்கலாம். யார் வாங்குகிறார்கள் என்று பார்த்து இந்தக் கடைக்காரர் அதை அடுக்கி வைத்திருக்கிறார்? அவர் கடையை ஏன் யாரும் இரவில் உடைக்கவில்லை? இந்தக் கேள்விகளுக்கு விதிப்புத்தகத்தில் பதில் கிடையாது. ஆட்டக்காரர்கள் கேட்பார்கள்.

விலை வந்ததும் இன்னொன்று நடந்தது. எது லாபம் என்று கணக்குப் போட ஆரம்பித்தார்கள். 750 பொன்னுக்கு ஒரு மந்திரக்கோல், காயம் ஆற்றும் மந்திரம் ஐம்பது முறை. இதைவிட மலிவான மருத்துவம் அந்த உலகத்தில் இல்லை. எல்லாக் குழுவும் அதைத்தான் வாங்கியது. ஆயுதம், கவசம், பாதுகாப்பு மோதிரம், தடுப்பு மேலங்கி, தோலைக் கடினமாக்கும் தாயத்து, பலமோ புத்தியோ கூட்டும் ஓர் அணிகலன் ஆகிய ஆறையும் 'பிக் சிக்ஸ்' என்றே அழைத்தார்கள். பணம் வந்தால் இந்த ஆறில் ஒன்றின் எண் ஏறும். குகையில் கிடைத்த விசித்திரமான சங்கு, பேசும் முகமூடி, நிழலை மடித்து வைக்கும் பெட்டி எல்லாம் பாதி விலைக்குப் போய்விடும். அதிசயம் தீர்ந்து போனதற்கு எண்ணிக்கை அதிகமானதுதான் காரணம் என்று இன்றுவரை சொல்கிறார்கள். எண்ணிக்கை 1979-இலும் அதிகம்தான். தீர்த்தது விலை.

ஃபைட்டருக்கு இதில் இன்னொரு அடி. பொருள்களைச் செய்யும் திறன் மந்திரம் தெரிந்தவர்களுக்கு மட்டும். அவர்கள் செய்துகொண்டால் பாதி விலை, கொஞ்சம் அனுபவப் புள்ளி. ஒரு காலத்தில் அட்டவணையே தன் சொத்து என்றிருந்தவர், இப்போது விசார்டின் பட்டறை வாசலில் போய் நிற்க வேண்டும்.

விலைச்சீட்டு உலகத்தை என்ன செய்யும் என்பதற்கு ஒரே ஒரு குடுவை போதும். வற்றாத நீர்க்குடுவை, மூன்றாம் பதிப்பில் 9,000 பொன். கட்டளைச் சொல்லைச் சொன்னால் ஆறு வினாடிக்கு 30 கேலன் நல்ல தண்ணீர் பீய்ச்சும், நிறுத்தச் சொல்லும்வரை. நாளொன்றுக்கு 4,32,000 கேலன், அதாவது ஏறத்தாழ 16 லட்சம் லிட்டர். கோடையில் 12,000 லிட்டர் லாரிக்குக் காத்திருந்த சென்னைக்காரர்கள் இதை உடனே வகுத்துப் பார்த்திருப்பார்கள்: 136 லாரி, தினமும், டீசல் இல்லாமல். இப்போது 1991-இல் வந்த டார்க் சன் என்ற உலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கருகிய பாலைவனம், உலோகம் அருமை, ஆயுதங்கள் எலும்பிலும் கல்லிலும், தண்ணீருக்காகக் கொலை நடக்கும். அந்த உலகத்துக்குள் இந்தக் குடுவை நான்கைந்து போனால் போதும், உலகத்தின் கதையே முடிந்தது. மந்திரப் பொருள் எவ்வளவு இருக்கலாம் என்ற கேள்வியை +1 வாளை வைத்துக் கேட்பது வீண். ஆயிரம் +1 வாள் இருந்தாலும் உலகம் அப்படியேதான் இருக்கும். ஒரு குடுவை மாற்றிவிடும்.

இந்தக் கணக்கை மணிமேகலை என்றோ போட்டுப் பார்த்துவிட்டது. அமுதசுரபியைப் பள்ளியில் படித்தபோது வற்றாத சோற்றுப் பாத்திரம் என்பதோடு விட்டுவிட்டோம். ஆபுத்திரன் பகுதியை டிஎம் கண்ணோடு இப்போது படித்துப் பாருங்கள். பாண்டிய நாடு வறண்டு கிடக்கும்போது சிந்தாதேவி அவனுக்கு அதைத் தருகிறாள். அவன் ஊருக்கே சோறு போடுகிறான். இந்திரன் வரம் கொடுக்க வருகிறான். எனக்கு எதற்கு என்று இவன் சிரித்துவிடுகிறான். கடுப்பான இந்திரன் பாத்திரத்தைப் பறிக்கவில்லை, உடைக்கவில்லை. மழையைப் பெய்ய வைக்கிறான். நாடு செழித்தது, பசித்தவர் இல்லை, பாத்திரத்துக்கு வேலையும் இல்லை. பசி தேடிக் கப்பலேறியவன் ஆளில்லாத மணிபல்லவத்தில் தனியாக மாட்டிக்கொண்டு, தன் ஒருவன் வயிற்றுக்காக இதைச் சுமப்பதா என்று கோமுகிப் பொய்கையில் விட்டுவிடுகிறான். வைகாசி முழுநிலவில் ஆண்டுக்கு ஒரு முறை அது மேலே வரும். செய்த வேலை, வேலையற்றுப் போன விதம், கிடக்கும் இடம், வெளிவரும் நாள் எல்லாம் அதில் இருக்கின்றன. விலை இல்லை. ஆட்டக்காரர் கையிலிருந்து ஒரு பொருளைப் பிடுங்காமலே அதன் பலத்தைக் குறைக்கும் வித்தையை இந்திரனிடம் கற்றுக்கொள்ளலாம்.

2008-இன் நான்காம் பதிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். மந்திரப் பொருள்களை ஆட்டக்காரர் கையேட்டுக்குள்ளேயே அச்சிட்டார்கள், என்ன வேண்டும் என்று பட்டியல் எழுதி டிஎம்மிடம் கொடுக்கச் சொன்னார்கள். நேர்மையான ஏற்பாடு, பிறந்தநாள் பரிசுக்கு லிங்க் அனுப்புகிற நேர்மை. எண்கள் தானாக ஏறும்படி ஒரு மாற்று விதியையும் பிறகு கொடுத்தார்கள் என்பது மட்டும் அதன் புண்ணியக் கணக்கில் சேரும்.

2014-இன் ஐந்தாம் பதிப்புதான் இன்றைய 'ரேர்' பெருமைக்கு அதிகாரபூர்வ முத்திரை கொடுத்தது. எண்கள் அதிகம் ஏறாதபடி கணக்கைக் கட்டினார்கள். பிளஸ் மூன்றோடு நிற்கும். சக்திவாய்ந்த பொருள்களை ஒருவர் மூன்றுக்கு மேல் தன்னோடு இணைத்துக்கொள்ள முடியாது. மந்திரப் பொருள் இல்லாமலே ஆட்டம் சரியாக ஓடும் என்றார்கள். இதே பதிப்பின் புதையல் அட்டவணைகளை ஒழுங்காக உருட்டினால் நால்வர் குழுவுக்கு முதல் லெவலிலிருந்து இருபதுவரை சுமார் நூறு மந்திரப் பொருள் வரும் என்று 2017-இல் அவர்களே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அதில் எண்பது சில்லறை, மருந்தும் சுருளும் போன்றவை. இருபது பெரியவை. ஆளுக்கு ஐந்து. 'அரிது' என்று சொல்லிவிட்டு நூறு. பல டிஎம்கள் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டார்கள்.

அதன் விளைவு எங்கே வெடித்தது தெரியுமா? அரக்கர் கையேட்டில். அந்தப் பதிப்பில் பல அரக்கர்களுக்கு மந்திரமில்லாத ஆயுத அடி பாதிதான் உறைக்கும். ஓநாய்மனிதனுக்கு வெள்ளிப் பூச்சும் மந்திரமும் இல்லாத வாள் கீறல்கூடப் போடாது. விசார்டு நாள் முழுக்க இலவசமாக எறியும் தீப்பொறி மந்திரம்தானே, அது உறைக்கும். மங்க் என்ற கைச்சண்டைத் துறவிக்கு ஆறாம் லெவலில் வெறும் கையே மந்திர ஆயுதம் ஆகிவிடும். விலங்காக மாறிச் சண்டையிடும் ட்ரூயிடின் நகத்துக்கும் பல்லுக்கும் அதே லெவலில் அதே சலுகை. ஃபைட்டருக்கு அடிப்படை விதியில் அப்படி ஒன்றும் கிடையாது. அவருக்கு யாராவது வாள் கொடுத்திருப்பார்கள் என்று வடிவமைத்தவர்கள் நினைத்திருக்க வேண்டும். 1974-இன் பழக்கம், எழுதப்படாமலே தொடர்ந்து வந்தது.

நான் ஆட்டக்காரனாக உட்கார்ந்த ஒரு டேபிளில் இதைக் கண்ணால் பார்த்தேன். கல் உருவச் சிலை ஒன்று உயிர்பெற்று வருகிறது. ஃபைட்டர் ஆடிய நண்பன் அருமையாக உருட்டுகிறான், இருபத்திரண்டு அடி. டிஎம் அமைதியாக, "பதினொண்ணு."

"ஏன்டா?"

"உன் வாள் நார்மல் வாள்டா மச்சான்."

"நீதானேடா மேஜிக் வாளே கிடையாதுன்ன!"

பதில் வரவில்லை, ஏனென்றால் பதில் இல்லை. மூலையில் நின்ற விசார்டு தன் முறை வந்ததும் தீப்பொறி எறிந்து சிலைக்கு முழு அடியையும் கொடுத்தார். நண்பன் அடுத்த வாரம் புதுக் கதாபாத்திரம் எழுதிக்கொண்டு வந்தான். விசார்டு, வேறென்ன.

2024-இல் தொடங்கிய திருத்தப் பதிப்பில், அடுத்த ஆண்டு வந்த அரக்கர் கையேடு இந்த 'மந்திரமில்லாத ஆயுதம்' விதியையே எடுத்துவிட்டது. இப்போது ஓநாய்மனிதனைச் சாதாரண வாளாலும் வெட்டலாம். வெள்ளி வாள் தேடி அலையும் கதை போய்விட்டதே என்று வருந்துகிறவர்கள் உண்டு, வருத்தம் நியாயம்தான். ஆனாலும் நான் மாற்றத்தின் பக்கம். பூட்டைத் தொங்கவிட்டுச் சாவியைத் தராத டிஎம்கள் அவ்வளவு பேர் இருக்கும்போது, பூட்டை எடுத்துவிடுவதே மேல்.

வேறு ஆட்டங்கள் இந்தச் சிக்கலுக்குள் மாட்டாமலே இருந்திருக்கின்றன. 1978-இல் வந்த ரூன்குவெஸ்டில் விவசாயிக்கும் கொஞ்சம் மந்திரம் தெரியும். போர்வீரன் சண்டைக்கு முன் தன் வாளுக்குத் தானே மந்திரம் ஓதிக் கூராக்கிக்கொள்வான். மந்திர வாள் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவன் பிழைப்பு ஓடும். 1993-இன் எர்த்டானில் ஒரு பொருளின் முழுச் சக்தி உடனே வராது. அதன் பெயர் என்ன, யார் செய்தது, யார் கையில் என்ன சாதித்தது என்று தேடித் தெரிந்துகொள்ளக் கொள்ளத்தான் அது திறக்கும். ஒரே வாளை முதல் நாளிலிருந்து கடைசிவரை வைத்திருக்கலாம், அதுவும் உங்களோடு வளரும். மூன்றாம் பதிப்பின் தலைமை வடிவமைப்பாளர் ஜோனதன் ட்வீட்டும் நான்காம் பதிப்பின் ராப் ஹைன்சூவும் சேர்ந்து 2013-இல் எழுதிய தர்ட்டீன்த் ஏஜ் என்ற ஆட்டத்தில் பொருள்களுக்குக் குணம் உண்டு. ஒன்று குடிக்கச் சொல்லும், ஒன்று சண்டைக்கு இழுக்கும். உங்கள் லெவலைவிட அதிக எண்ணிக்கையில் சுமந்தால் அவை உங்களை ஆட்டிவைக்கும். கடை விரித்தவர்களே பிறகு இப்படி ஒரு ஆட்டம் எழுதியதை நான் ஒரு வகைப் பிராயச்சித்தமாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்; அவர்கள் அப்படிச் சொன்னதில்லை. அதே 2013-இல், மூன்றாம் பதிப்புக் குழுவில் இருந்த மான்ட்டி குக் எழுதிய நியூமெனராவில் ஒரே முறை பயன்படும் விசித்திரப் பொருள்கள் வந்துகொண்டே இருக்கும். சிலவற்றுக்கு மேல் சுமப்பது ஆபத்து, அதனால் சேர்த்து வைக்காமல் செலவழித்தே ஆக வேண்டும். எழுபதுகளின் ஓடும் தண்ணீர் வேறு வாய்க்கால் வழியாகத் திரும்பி வந்துவிட்டது.

மந்திரம் மலிந்த உலகம் என்றாலே தரக்குறைவு என்பவர்களுக்கு எபெரான் ஒன்றே பதில். 2002-இல் நடந்த போட்டிக்கு வந்த 11,000-க்கும் மேற்பட்ட யோசனைகளில் தேர்வான கீத் பேக்கரின் உலகம், 2004-இல் புத்தகமானது. சின்ன மந்திரம் எங்கும், பெரிய மந்திரம் அபூர்வம். தெருவிளக்கு மந்திரம், மின்னலில் ஓடும் ரயில் மந்திரம், ஆகாயக் கப்பல் மந்திரம். அதை வைத்திருக்கும் குடும்ப நிறுவனங்களின் ஏகபோகம், போர் முடிந்தபின் வேலையிழந்த இயந்திரச் சிப்பாய்கள் என்று அரசியலும் அதிலிருந்தே முளைக்கிறது. அந்தக் கூலியாள் 63 வருடம் உழைக்கும் கேள்விக்கு அங்கே பதில் உண்டு: வாளை அவர் வாங்க மாட்டார், விளக்குக்கு மாதக் கட்டணம் கட்டுவார்.

இப்போது நான் நடத்தும் டேபிளில் என்ன செய்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் பதிப்பு விதிகள்தான். பிளஸ் எண் உள்ள பொருள் எதுவும் கிடையாது. அந்த எண்ணைக் கொடுப்பதால் வரும் சந்தோஷம் ஷீட்டில் அழித்து எழுதும் ஒரு நிமிடம். பிறகு யாருக்கும் நினைவே இருக்காது. சண்டைக் கணக்குக்கு அது தேவைப்பட்டால் லெவல் ஏறும்போது எல்லோருக்கும் சும்மாவே கூட்டிவிடலாம். பாத்ஃபைண்டர் ஆட்டத்தின் 2015 நூல் ஒன்றில் இதற்கு முழு அட்டவணையே இருக்கிறது, அங்கிருந்து எடுத்துக்கொண்டேன்.

செலவாகும் பொருள்களைக் கணக்குப் பார்க்காமல் கொடுக்கிறேன். மருந்து, சுருள், ஒரு முறை ஒலிக்கும் மணி. ஆனால் ஆட்டக்காரர்களுக்குப் பதுக்கும் வியாதி உண்டு. கடைசி அரக்கனுக்கென்று சேர்த்து வைத்து, கதை முடியும்போது பை நிறைய மருந்தோடு நிற்பார்கள். அதனால் என் உலகத்தில் எதுவும் அடுத்த அமாவாசையைத் தாண்டாது. அமாவாசைக்கு முந்தின இரவில் எங்கள் குழு செய்கிற கோமாளித்தனங்கள் தனிப் பதிவுக்கு உரியவை.

நிலைத்து நிற்கும் பொருள்கள் ஆளுக்கு இரண்டு மூன்று. ஒவ்வொன்றும் விதிப்புத்தகத்தில் இல்லாதது, கையில் எழுதியது. ஒரு கயிறு இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு உரக்க ஒரு பொய் சொன்னால் ஒரு முழம் நீளும். கிணற்றுக்குள் இறங்க வேண்டிய ஒரு நாள், நண்பன் தன் வீரதீரங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனான், கயிறும் நீண்டுகொண்டே போனது. ஒரு விளக்கு, முந்தைய நாள் அந்த வழியே போனவர்களின் காலடியை மட்டும் காட்டும். விற்க வேண்டும் என்றால் வாங்க ஆள் தேட வேண்டும். கயிறுக்கு என்ன விலை சொல்வது என்று அவர்களுக்கே தெரியாததால் இதுவரை யாரும் முயலவில்லை.

பங்கீட்டில் மட்டும் பாரபட்சம் காட்டுகிறேன், வெளிப்படையாகவே. நல்ல பொருள் முதலில் ஃபைட்டருக்கு. அதோடு, எந்த மந்திரத்தாலும் செய்ய முடியாத ஒன்றை அது செய்ய வேண்டும். பறக்கும் காலணி கொடுத்தால் விசார்டுக்கு ஏற்கனவே தெரிந்ததை இவருக்கும் ஒட்டவைத்த மாதிரிதான். எங்கள் ஃபைட்டரிடம் இருப்பது ஒரு சுங்கச்சாவடிக் காவலரின் பழைய வாள். பிளஸ் எதுவும் இல்லை, ஒளிராது. அதை ஏந்தியவர் ஒரு கதவிலோ பாலத்திலோ குகைவாயிலோ கால் ஊன்றி நின்றால், அவர் சம்மதிக்காமல் அந்த வழியே யாரும் தாண்ட முடியாது. பறந்தும் முடியாது, மறைந்தும் முடியாது, மந்திரத்தால் இடம்விட்டு இடம் பாய்ந்தும் முடியாது.

அதை முதல் முறை படித்துக் காட்டியபோது விசார்டு ஆடுகிறவர் விதிப்புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார். "இரு இரு, இதை எந்த ஸ்பெல்லாலயும் பண்ண முடியாதேடா!"

"ஆமாடா. அதுக்குத்தான்."

பன்னிரண்டாம் லெவலுக்கு மேல் இதுவும் போதாமல் போகிறது. விசார்டு வேறு உலகங்களுக்கே வழி திறக்கும் கட்டத்தில், எந்த வாளும் தராசைச் சமன் செய்யாது. அந்த லெவல்களுக்கு நான் பழைய விதி ஒன்றை மீண்டும் எடுத்திருக்கிறேன்: 1979-இல் ஃபைட்டர் ஒன்பதாம் லெவலில் கோட்டை கட்டினால் படை திரண்டு வரும், சுற்றியிருக்கும் நிலத்தில் வரி வசூலிக்கலாம். எங்கள் ஃபைட்டர் அந்தச் சுங்கச்சாவடியையே கோட்டையாக்கப் போகிறேன் என்கிறான். வரி எவ்வளவு என்று விசார்டோடு இப்போதே பேரம் நடக்கிறது.